பாஸ்புக்கைக் கையில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராமப் பெண்களுக்கு நிதிசார் கல்வி முகாம் நடந்தது என்று படத்தோடு வரும் செய்திகளை உங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். நிலக்கோட்டை வட்டாரத்தில் பதினேழு ஆண்டுகளாக மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் ஊக்குநராக இருக்கிறேன். குழுவில் பன்னிரண்டு பேர். அநேகம் பேருக்கு மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கும் வேலை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்களையும் ஒரு முகாமுக்கு அழைத்தார்கள். திருமண மண்டபம், காலை பதினொரு மணி. விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி, சோறாக்கி வைத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடினோம். மேடையில் ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் சேமிக்கச் சொன்னார்கள். கையெழுத்து வாங்கினார்கள், வடையும் தேநீரும் தந்தார்கள், படம் எடுத்தார்கள். அரிசிப் பானைக்குள் ரூபாயை ஒளித்து வைத்த தாய்மார்கள் வளர்த்த பிள்ளைகள் நாங்கள். சேமிக்க எங்களுக்குத் தெரியும். கார்த்திகை, மார்கழிப் பனியில் பூ வரத்து விழுந்துவிடும். சந்தையில் விலை ஏறினாலும் எங்களுக்குக் கிலோக் கணக்கில்தான் கூலி. பூ இல்லையென்றால் கூலியும் இல்லை. வருடக் கடன் முழுவதும் அந்த இரண்டு மாதங்களில்தான் முளைக்கிறது. மேடையிலிருந்த ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு சிறிய தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், பக்கத்து ஊர்க்காரி. எந்த நேரம் எங்களுக்கு வசதி என்று முதலில் கேட்டாள். வியாழக்கிழமைதோறும் இரவு ஏழரை மணிக்கு மந்தைத் திண்ணையில் பத்து வாரம் வகுப்பு நடந்தது. பாஸ்புக்கையும் கடன் அட்டையையும் எடுத்து வரச் சொன்னாள்.

இரண்டாவது வாரம் பத்துப் புளியங்கொட்டைகளைத் திண்ணையில் பரப்பினாள். ஒன்று ஆயிரம் ரூபாய். பத்தாயிரம் கடன், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை. முதல் தவணை கட்டியதும் ஒரு கொட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, "அக்கா, இப்போது உங்களிடம் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டாள். ஒன்பது என்றோம். "பிறகு ஏன் பத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள்?" திண்ணையில் சத்தமே இல்லை. மாதம் 1,200 ரூபாய் கட்டி, பத்து மாதத்தில் 2,000 ரூபாய் வட்டி கொடுத்து வந்தோம். கையில் நிற்கும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் 1,100 ரூபாய்தான். எங்கள் குழுவில் மூத்த அக்கா எழுத்து அறியாதவர். அவர் கொட்டைகளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளித் தானே எண்ணிப் பார்த்தார். தண்டல்காரர் பத்தாயிரம் என்று சொல்லி 8,500 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குவதையும் அவரே அன்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

பாஸ்புக் பார்த்த வாரத்தை என்னால் மறக்க முடியாது. எங்கள் தெருவில் ஒருவர் கணவரை இழந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இறந்த கணவருடைய பழைய பாஸ்புக்கையும் கொண்டு வந்திருந்தார். அதில் வருடத்துக்கு ஒரு முறை 436 ரூபாய் பிடித்திருந்தார்கள், பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஏதோ சுருக்கம். வங்கி ஏதோ கட்டணம் பிடிக்கிறது என்றே அந்த வீட்டில் நினைத்திருந்தார்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, இறந்தவரின் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் உண்டு என்று அந்தப் பெண் சொன்னாள். இறப்புச் சான்றிதழோடு மறுநாளே அவருடன் வங்கிக்குப் போனாள். இரண்டு மாதத்தில் பணம் வந்தது. கணக்கை மூடப் போனபோதே கவுண்டரில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் காதுத் தோட்டை அடகு வைத்திருக்க வேண்டாம். மற்றவர்களின் பாஸ்புக்குகளில் இருந்த 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கானது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

நுண்கடன் தவணை கேட்டு காலை ஒன்பதுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது, கடன் விவரத்தை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே விதி போட்டிருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வந்து வாசலில் நின்ற வசூல்காரரிடம் எங்கள் குழுப் பெண் ஒருவர் அந்த விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அதற்கு முன் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்.

அந்த நிறுவனத்துக்கு வந்த நிதி ஒரு வருடத்துக்குத்தானாம். அடுத்த தெருக் குழு கேட்டபோது அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாள். ரிசர்வ் வங்கி 2017 முதல் தொண்டு நிறுவனங்களையும் வங்கிகளையும் சேர்த்து நிதிசார் கல்வி மையங்கள் நடத்துகிறது. சராசரியாக மூன்று ஒன்றியங்களுக்கு ஒரு மையம். நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று ஒன்றியங்களிலும் முகம் காட்டி ஓடினால் இப்படிப் பத்து வாரம் ஒரு திண்ணையில் உட்கார முடியுமா? பணம் கொடுப்பவர்கள் எத்தனை முகாம், எத்தனை தலை என்று மட்டும் கேட்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து அதே தெருவுக்குத் திரும்பி வந்து, யாருடைய வட்டி குறைந்தது, யாருக்குக் காப்பீட்டுப் பணம் கிடைத்தது என்று கேட்கட்டும். உள்ளூர்ப் பெண்களையே இந்த வேலைக்கு எடுத்து, இரண்டு மூன்று வருடமாவது சம்பளம் கொடுத்து நிறுத்தட்டும். பாஸ்புக்கில் விழும் அந்தச் சுருக்கங்களை வங்கிகள் தமிழிலும் அச்சிடட்டும்.

இந்த வருடம் யாராவது வருவதானால் ஐப்பசிக்குள் வர வேண்டும், பனி தொடங்கிவிட்டால் கடன் வாங்கி முடித்திருப்போம். மந்தைத் திண்ணை இருக்கிறது, விளக்கு போட்டுத் தருகிறோம். இரவு ஏழரை மணி எங்களுக்குச் சரிப்படும்.

இப்படிக்கு,
மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர்,
நிலக்கோட்டை வட்டாரம், திண்டுக்கல் மாவட்டம்.