இரண்டாவது தன்முனைப்பு முகாம் ஏன் இல்லை?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் படிப்பில் ஊக்கமூட்ட இன்னொரு தன்முனைப்பு முகாம் நடத்த வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். பணம் திரட்டித் தருவதாகவும் சொன்னீர்கள். அந்த அக்கறைக்கு நன்றி. ஆனாலும் முகாம் வேண்டாம் என்றே முடிவு செய்திருக்கிறோம்.

முதல் முகாமில் குறையொன்றும் இல்லை. பேச்சாளர் வல்லவர், மண்டபமே அதிர்ந்தது. பிள்ளைகள் உங்கள் காலில் விழுந்து அழுதார்கள், நீங்களும் அழுதீர்கள். மருத்துவர், விமானி, வழக்கறிஞர் என்று வண்ண அட்டைகளில் இலட்சியங்களை எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். அந்த வாரம் வீட்டுப்பாடம் தவறாமல் வந்தது. அடுத்த மாதம் பழைய கதைதான். அட்டைகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. அவற்றின் கீழே ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தடுமாறுகிறது. ஆரம்ப சூரத்தனம் பெரியவர்களுக்கே உள்ளபோது பிள்ளைகளை நொந்து என்ன பயன்?

அதே வகுப்பில் ஒரு மாணவி. தாயாரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். முகாமில் அவள் அழவில்லை, மேடையேறவும் இல்லை. அவளிடம் ஒரு சிறிய குறிப்பேடு உண்டு. நாளுக்கு ஐந்து மலாய்ச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், அடியில் தாயின் கையொப்பம். தாய்க்குப் பிறை வட்டாரத்தில் தொழிற்சாலை இரவு வேலை. விடியற்காலையில் வீடு திரும்பிப் போடும் கையொப்பம் தூக்கக் கலக்கத்தில் கோட்டைத் தாண்டி ஓடியிருக்கும். ஒரு பக்கத்தில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மறுநாள் மீண்டும் ஐந்து சொற்கள். மலாய்க் கட்டுரையில் நான்கு வரிக்கே திணறியவள் இப்போது ஒரு பக்கம் எழுதுகிறாள்.

அந்தக் காய்ச்சல் நாளால் எதுவும் கெட்டுவிடவில்லை. பழக்கம் எப்படி ஊன்றுகிறது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற கணக்கு. நடுவில் நிற்பது 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதகமில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒருநாள் முகாமிடம் நாம் எதிர்பார்த்தது எவ்வளவு அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானது. மறு ஆண்டு இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தின் பிடி3 தேர்வும் போயிற்று. தேர்வு பயமே படிக்க வைத்த காலம் மலையேறிவிட்டது. நல்லதுதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்கள் மலாயில் நடக்கும்; ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு வரை நெடுந்தூரம். அவ்வளவு தூரத்துக்கும் உற்சாகம் கூடவே வராது, கட்டொழுங்குதான் வரும். நம் பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட் 2006 முதல் 2015 வரை, இடைவிடாமல் 108 மாதங்கள் ஸ்குவாஷில் உலகின் முதல் நிலையில் இருந்தார். அத்தனை மாதங்களிலும் தினமும் காலையில் ஆசையோடுதான் எழுந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

கட்டொழுங்கு என்றதும், “ஐயா, நன்றாக அடியுங்கள், நான் கேட்கவே மாட்டேன்” என்று சொல்லும் அப்பாக்கள் இங்கே உண்டு. பிரம்பைப் பற்றி நான் பேசவில்லை. பிரம்பு கண்ணெதிரே இருக்கும்வரை பிள்ளை படிப்பான். மறைந்ததும் மூடி வைத்துவிடுவான்.

நான் கேட்பது தினமும் அரை மணி நேரம். ஒரே நேரம், ஒரே இடம். தொலைக்காட்சி அணைந்திருக்க வேண்டும்; கைப்பேசி எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், உங்களுடையதும்தான். டியூஷன் நேரம் இதில் சேராது. என்ன படிப்பது என்பதை வகுப்பாசிரியர் எழுதி அனுப்புவார். பிள்ளை படித்தானா என்று பார்த்துக் கையொப்பமிட்டால் போதும், நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இத்துடன் உள்ள மஞ்சள் தாளில் உங்கள் வீட்டுக்குத் தோதான நேரத்தைக் குறித்து, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள் பாட்டி, தாத்தா அல்லது மூத்த பிள்ளையின் பெயரை எழுதலாம். வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமே இல்லையென்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். பள்ளி முடிந்ததும் நூலகத்தில் அந்த அரை மணி நேரம் உட்கார ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்