மினியாப்பொலிஸிலிருந்து பெரியப்பாவுக்கு

14 நவம்பர் 2021

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தமிழ்நாடு முழுக்க விடாத மழை என்று அம்மா சொன்னாள். பின்கட்டுச் சுவர் பத்திரமாக இருக்கிறதா? பெரியம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில் நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "உங்க ஊர்ல போலீஸே வேண்டாம்னு ஓட்டுப் போடப் போனாங்களாமே, திருடன் வந்தா யாரைக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டீர்கள். இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் ஊரில் மாநிலத்துக்கு ஒரே காவல்துறை, மேலே டிஜிபி. இங்கே அமெரிக்காவில் அப்படி இல்லை. பெரும்பாலான நகரங்கள் தங்கள் போலீஸைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. நாடு முழுக்கச் சுமார் 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் இருக்கின்றன. அதனால் போலீஸ் எப்படி இருக்க வேண்டும் என்பது நகராட்சித் தேர்தலிலேயே விவாதமாகிவிடுகிறது. மினியாப்பொலிஸ் நகரின் சாசனத்தில், அதாவது நகராட்சியின் அடிப்படைச் சட்டத்தில், ஆயிரம் பேருக்கு 1.7 என்ற கணக்கில் காவல்துறை ஊழியர்கள் இருந்தே தீர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை நீக்கிவிட்டு, காவல்துறை இருக்கும் இடத்தில் பொதுப் பாதுகாப்புத் துறை என்று ஒன்றை வைக்கலாமா, தேவையானால் அதில் போலீஸும் இருக்கட்டுமா என்பதுதான் நவம்பர் 2ஆம் தேதி கேட்ட கேள்வி. போலீஸை ஒழிக்கலாமா என்று யாரும் சீட்டில் அச்சடிக்கவில்லை. ஆனாலும் ஆதரித்தவர்களில் சிலரும் எதிர்த்தவர்களில் பலரும் அப்படித்தான் பேசினார்கள். நூற்றுக்கு 56 பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கிரீன் கார்டு மட்டும்தான், ஓட்டு இல்லை. இருந்திருந்தால் வேண்டும் என்று போட்டிருப்பேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். 2020 மே 25ஆம் தேதி, ஒரு கடையில் கள்ள நோட்டு என்று சந்தேகப்பட்ட 20 டாலருக்காக ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரைப் பிடித்தார்கள். டெரிக் ஷாவின் என்ற போலீஸ்காரர் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து 9 நிமிடம் 29 விநாடி அழுத்தினார். அன்றிரவு காவல்துறை வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? போலீஸ் நடவடிக்கையின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டு ஒருவர் இறந்தார் என்றது. அந்த முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கடைக்கு வந்திருந்த 17 வயதுப் பெண் ஒருத்தி தன் செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்திருந்தாள். அவள் மட்டும் பயந்துபோய் வீட்டுக்கு ஓடியிருந்தால் அந்த அறிக்கைதான் சரித்திரமாகியிருக்கும்.

நாலு வாரம்கூட ஆகவில்லை, சாத்தான்குளம். செல்போன் கடையை நேரத்துக்கு அடைக்கவில்லை என்று ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே போன அவர் மகன் பென்னிக்ஸையும் அங்கே பிடித்து வைத்தார்கள். தரையில் உருண்டு புரண்டதில் அவர்களுக்கு ஊமைக்காயம் என்று முதல் தகவல் அறிக்கை எழுதினார்கள். தெருவில் இருந்த கேமராவில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே விடிய விடிய நடந்ததை அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலரே மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். நீங்கள் அன்று போனில் பேச முடியாமல் நிறுத்தினீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. ஊர் வேறு, ஆள் வேறு, எழுதிய பொய் ஒரே மாதிரி. அதனால்தான் "அது அமெரிக்காக்காரன் சண்டை" என்று யாராவது சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதுதான் இங்கே எல்லா வாக்குவாதத்துக்கும் மூலம். இந்த ஊரில் போலீஸைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் தோலின் நிறம் பெரும்பாலும் சொல்லிவிடும்.

கார் ஓட்டும்போது பின்னால் போலீஸ் விளக்கு எரிந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போவோம். அதுதான் மரியாதை. இங்கே இறங்கவே கூடாது. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரிய வேண்டும். எதை எடுக்கப் போனாலும் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நாட்டில் அத்தனை பேரிடமும் துப்பாக்கி இருப்பதால் போலீஸ்காரரும் பயத்தோடுதான் நெருங்குகிறார். அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் எல்லோர் மேலும் ஒரே அளவில் விழுவதில்லை. ஃபிலாண்டோ காஸ்டீல் என்று ஒரு கறுப்பர், பக்கத்து செயின்ட் பால் நகரில் பள்ளிக்கூட உணவகத்தில் மேற்பார்வையாளர். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்காது என்று மனப்பாடமாக வைத்திருந்தவர். சின்னச் சின்னக் காரணங்களுக்காக அவரை நாற்பது தடவைக்கு மேல் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. 2016 ஜூலையில் கடைசியாக நிறுத்தியபோது, உரிமம் பெற்ற துப்பாக்கி தன்னிடம் இருப்பதை அவரே பணிவாகச் சொன்னார். அடுத்த சில விநாடிகளில் ஏழு குண்டுகள். பின் சீட்டில் நாலு வயதுக் குழந்தை. அந்தப் போலீஸ்காரரை நடுவர் குழு (ஜூரி) விடுதலை செய்தது.

இந்த ஏப்ரலில், ஷாவின் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, பத்து மைல் தூரத்தில் டாண்டே ரைட் என்ற 20 வயதுப் பையன். வண்டிப் பதிவு காலாவதியாகிவிட்டதென்று நிறுத்தினார்கள். கைது செய்யும்போது அவன் திமிறி வண்டிக்குள் ஏற, 26 வருஷம் பணியாற்றிய பெண் அதிகாரி ஒருவர் மின்துப்பாக்கி என்று நினைத்து நிஜத் துப்பாக்கியால் சுட்டுவிட்டதாகச் சொல்கிறார். அந்த வழக்கு இந்த மாதக் கடைசியில் தொடங்குகிறது. என் மகன் அடுத்த வருஷம் வண்டி ஓட்டப் பழகப் போகிறான். பிரேக்கைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் கையை எங்கே வைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியாயிற்று.

நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் நிலையத்தில் ஒருவருக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். வரிசையாக நாற்காலி, மேலே டிவி. கறுப்பர், வெள்ளையர், சோமாலியர், தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த ஹமாங் மக்கள் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில். எழுந்து போகவும் முடியாது, பேச்சை மாற்றவும் முடியாது. நாங்கள் அரசியல் பேசக் கூடாது, ஆனால் காதை மூடிக்கொள்ளச் சொல்லி விதி இல்லையே. சிறுநீரகம் செயலிழப்பது இங்கே வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு மூன்று மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில், ஆள் கறுப்பர் என்றால் எண்ணைச் சுமார் 16 சதவீதம் கூட்டிப் போடும் வழக்கம் இத்தனை வருஷமாக இருந்தது. நிலைமை இருப்பதைவிட நன்றாகத் தெரியும், மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் ஏறத் தாமதமாகும். நிறத்தை எடுத்துவிட்டுப் புதுச் சூத்திரம் போடுங்கள் என்று இந்த செப்டம்பரில்தான் நிபுணர் குழு சொன்னது. போலீஸைப் பற்றிப் பேசும்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே யாரும் திட்டாமல், கை ஓங்காமல், ஒரு கணக்கின் உள்ளேயே நிறம் உட்கார்ந்திருக்க முடியும். அது புரியாதவரைக்கும் இந்த ஊர்ச் சண்டை எதுவும் புரியாது.

அங்கே வரும் ஒரு பெரியவர், கறுப்பர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வீடு நகரின் வடக்குப் பகுதியில். அவர் பக்கத்து நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார ஆசிரியை. தெற்கே நல்ல பகுதியில் வீடு, வாசலில் 'கறுப்பர் உயிரும் உயிரே' என்ற பலகை. ஓட்டெடுப்புக்கு முந்தைய வாரம் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். ஆச்சரியம் என்னவென்றால், அந்த அம்மாதான் மாற்றம் வேண்டும் என்றார். பெரியவர் கூடாது என்றார். "ராத்திரி சுடுகிற சத்தம் என் தெருவில்தான் கேட்கிறது, உங்கள் தெருவில் இல்லை" என்றார். அது உண்மை. டிராம்போலினில் குதித்து விளையாடிய 9 வயதுச் சிறுமி இந்த மே மாதம் வடக்கே குண்டடிபட்டு இறந்தாள். சாசனப்படி இருக்க வேண்டிய போலீஸை வையுங்கள் என்று வடக்குப் பகுதி மக்களே நகரத்தின் மேல் வழக்குப் போட்டு, ஜூலையில் தீர்ப்பும் வாங்கினார்கள். ஓட்டிலும் அந்த வார்டுகள் வேண்டாம் என்றே சொன்னன. அதே பெரியவர் அடுத்த மூச்சில் சொன்னார்: "ஆனால் வருகிறவன் என் பேரனைப் பார்த்ததும் இடுப்பில் கை வைக்கக் கூடாது."

பெரியப்பா, இந்த இரண்டையும் ஒருவரே ஒரே வாயால் கேட்கிறார், இரண்டுமே நியாயம். டிவியில் பேசுகிறவர்கள்தான் இரண்டையும் பிரித்து, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு கத்துகிறார்கள். ஒரு கட்சிக்குப் போலீஸ் என்றால் தெய்வம். இன்னொரு பக்கம், அந்தத் தெருவில் ஒரு ராத்திரிகூடத் தங்காதவர்கள் அவர்களுக்காக முடிவெடுக்கிறார்கள்.

சரி, பிறகு நான் ஏன் ஆதரித்திருப்பேன்? ஷாவின் மேல் அதற்கு முன்பே குறைந்தது 17 புகார்கள் இருந்தன. நடவடிக்கை என்று வந்தது இரண்டே கண்டனக் கடிதங்கள். ஒரு போலீஸ்காரரை நீக்கினாலும் சங்க ஒப்பந்தப்படி மத்தியஸ்தரிடம் போய் வேலைக்குத் திரும்பிவிட வழி இருக்கிறது. ஃபிளாய்ட் குடும்பத்துக்கு நகரம் கொடுத்த 2 கோடியே 70 லட்சம் டாலரும் மக்கள் வரிப்பணம்தான், தப்புச் செய்தவர் கையிலிருந்து போகவில்லை. இந்த அமைப்பை உள்ளே இருந்து யாரும் மாற்றவில்லை. ஆயிரம் பேருக்கு இத்தனை என்று சாசனமே உறுதி கொடுத்துவிட்ட துறை தானாக மாற வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பெரியவரின் பயத்துக்குப் பதில் சொல்லும் திட்டத்தை ஆதரவாளர்கள் கையில் வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், வரவில்லை. தோற்றது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனி நம் ஆட்கள். தீபாவளி முடிந்த சனிக்கிழமை, புறநகரில் கோயம்புத்தூர் அண்ணன் ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடினோம். சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு இங்கே வந்தது. "சட்டத்தை மதிச்சா போலீஸ் ஏன் தொடுது? நாம படிச்சு முன்னேறலையா? இவங்களுக்கு என்ன கேடு?" என்றார் அண்ணன். இட ஒதுக்கீடு பற்றி நம் ஊரில் பேசுகிறவர்களின் குரல் அப்படியே கேட்டது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் எதிர்த்து நின்ற அதே பேச்சு.

நான் சொன்னேன்: அண்ணே, 1946இலிருந்து இந்தியர்களுக்கு இந்த நாடு கொடுத்த குடியேற்ற ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். அதற்கு முன்பு அதுவும் இல்லை. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியதால்தான் நாம் வந்தோம். இந்த மக்கள் அடிபட்டு, நாய்களிடம் கடிபட்டு 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தையும், அடுத்த வருஷம் வாக்குரிமைச் சட்டத்தையும் வாங்கினார்கள். அந்த அலையில்தான் நமக்கும் கதவு திறந்தது. அதுவும் டாக்டர், இன்ஜினியர் என்று சலித்து எடுத்தார்கள். சலித்து எடுத்த நம்மை, முன்னூறு, நானூறு வருஷம் கட்டிவைக்கப்பட்ட ஒரு முழுச் சமூகத்தோடு எப்படி ஒப்பிடுகிறீர்கள்? நாம் வேலைக்குப் போகும் ஐ-94 நெடுஞ்சாலையே, செயின்ட் பாலில் ராண்டோ என்ற கறுப்பர் குடியிருப்பை இடித்துப் போட்டது.

அண்ணன் விடவில்லை. ஃபிளாய்ட் இறந்ததும் இங்கே நடந்த கலவரத்தில் லேக் ஸ்ட்ரீட் என்ற தெருவில் எரிந்த கடைகள் யாருடையவை என்று கேட்டார். அது சரியான கேள்வி. சோமாலியர், மெக்சிகோக்காரர், வங்கதேசத்தவர் என்று நம்மைப் போல வந்து பாடுபட்டவர்கள் கடைகள் நிறைய. தபால் நிலையமும் எரிந்தது, மருந்துக் கடைகள் போயின, என் நோயாளிகளே மாத்திரைக்கு அலைந்தார்கள். எரித்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன் என்று அங்கேயே சொன்னேன்.

அப்புறம் அலபாமா மாநிலத்தில் நடந்ததைச் சொன்னேன். 2015 பிப்ரவரியில் பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த 57 வயதுப் பெரியவர், மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பன் ஒருவன் சுற்றுகிறான் என்று யாரோ போலீஸுக்குப் போன் செய்தார். இங்கிலீஷ் தெரியாமல் நின்றவரைத் தூக்கித் தரையில் அடித்ததில் கழுத்து எலும்புக்கு அறுவை சிகிச்சை வரைக்கும் போயிற்று. போலீஸ் காரின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தும், இரண்டு முறை நடுவர் குழு ஒத்த முடிவுக்கு வரவில்லை, கடைசியில் நீதிபதி அந்தப் போலீஸ்காரரை விடுவித்தார். அண்ணனின் அப்பா அதே கூடத்தில் ஊஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் அவரும்தான் நடக்கப் போகிறார். அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் என் பேச்சை ஒப்புக்கொண்டார் என்றும் சொல்ல மாட்டேன். அண்ணிதான் எல்லோருக்கும் காபி கொடுத்து வேறு பேச்சுக்குத் திருப்பினார்.

நீங்களும் அடுத்த வருஷம் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை. வந்தால் காலையில் நானும் கூட நடந்து வருவேன், இந்த ஊரின் ஏரிகளைப் பார்த்தால் உங்களுக்குத் திரும்பிப் போகவே மனம் வராது.

ஒரு வேலை செய்யுங்கள். சாத்தான்குளம் வழக்கு மதுரையில் நடக்கிறதே, அது பற்றித் தமிழ்ப் பேப்பரில் வருவதையெல்லாம் வெட்டி வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். உள்ளே இருக்கும் ஒன்பது பேரும் ஜாமீன் கேட்கிறார்களாமே, என்ன ஆயிற்று? சாட்சி சொன்ன அந்தத் தலைமைக் காவலருக்குப் பாதுகாப்பு இன்னும் இருக்கிறதா என்றும் விசாரித்து எழுதுங்கள். இங்கே ஓய்வு பெற்ற அந்தப் பஸ் டிரைவரிடம் இதைச் சொன்னபோது, வாரா வாரம் அவரும் கேட்கிறார்.

பெரியம்மாவுக்கு வலித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா