டோல் நாக்கால ஒண்ணையாவது இடிக்காம வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 அக்டோபர்ல மும்பைக்குள்ள வர்ற அஞ்சு டோல் நாக்காலயும் (சுங்கச்சாவடி), அதாவது தஹிசர், முலுண்டு ரெண்டு, ஐரோலி, வாஷி, கார்களுக்கு டோல் கிடையாதுன்னு ஆனதுல நம்ம எல்லாருக்கும் சந்தோஷம்தான். லாரிக்காரங்க இன்னும் கட்டிட்டுதான் இருக்காங்க, ஆனா ஃபாஸ்டேக் வந்த பிறகு கையில சில்லறை வாங்கிப் போடற அந்த கேபின்களுக்கு ரொம்ப நாள் ஆயுசு இல்ல. அதெல்லாத்தையும் மொத்தமா பேத்து எடுத்துடாதீங்க, ஒண்ணையாவது வைங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது அமெரிக்காவுல. பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தப்போ மாப்பிள்ளை மேரிலாண்ட்ல லாவேல்ங்கற ஊருக்கு கூட்டிட்டுப் போனார், அங்க ரோட்டோரமா 1836-ல கட்டின ஒரு பழைய டோல் வீடு இருக்கு. செங்கல் கட்டடம், நம்ம வீடு மாதிரி நாலு சுவர் இல்ல, பல பட்டையா இருக்கு, ஏன்னா டோல் வாங்கறவர் உள்ள உக்காந்தபடியே ரோட்டை ரெண்டு பக்கமும் பாக்கணும், எவனும் நைசா நழுவிடக் கூடாது. குடும்பத்தோட அங்கயே குடியிருந்து ராப்பகலா கேட்டை திறந்து மூடற வேலை. அந்த வீடு நிக்கற நேஷனல் ரோடு 1811-ல கம்பர்லாண்ட் ஊர்ல இருந்து போட ஆரம்பிச்சது, போட்டது மத்திய அரசு பணம், ஆனா ரிப்பேர் செலவை தாங்க முடியாம 1830-கள்ல மாநிலங்கள் கையில கொடுத்துட்டாங்க, அவங்க டோல் வச்சாங்க.

என்னை அசைய விடாம நிறுத்தினது அந்த ரேட் போர்டுதான். இருபது ஆடோ பன்னியோ ஓட்டிட்டுப் போனா 6 சென்ட், இருபது மாடுன்னா 12 சென்ட், குதிரையில ஒரு ஆள் போனா 4 சென்ட். வண்டிக்கு சக்கரம் அகலமா இருந்தா காசு கம்மி, ஒல்லியா இருந்தா ஜாஸ்தி, ஏன்னா ஒல்லி சக்கரம் ரோட்டை கிழிச்சிடும், அகல சக்கரம் ரோலர் மாதிரி அமுக்கி விட்டுட்டுப் போகும். எவ்வளவு நியாயமான கணக்கு! ரோட்டை யார் கெடுக்கறாங்களோ அவங்க அதிகமா கொடுக்கணும். பின்னாடி ரயில் வந்து கூட்டம் கொறஞ்சும்கூட 1900-களோட தொடக்கம் வரைக்கும் அங்க டோல் வாங்கியிருக்காங்க. இப்போ சும்மா ஒரு வீடா நின்னுட்டு இருக்கு, ஆனா உள்ள போற பிள்ளைங்களுக்கு ஒரு நாட்டோட ரோடு எப்படி வளர்ந்துச்சுன்னு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிடுது.

நமக்கு இந்த கதை இல்லையா என்ன? சயான்ல இருந்து குர்லா போற காஸ்வே, அதாவது தண்ணியும் சேறுமான இடத்துக்கு குறுக்க மேடாக்கிப் போட்ட ரோடு, 1798-ல கவர்னர் ஜொனாதன் டங்கன் காலத்துல ஆரம்பிச்சது, அதுல வண்டிக்கு டோல் வாங்கினாங்க. தாராவி, சயான், மாட்டுங்கான்னு தலைமுறையா வாழற நாம அது மேலதான் தினமும் போறோம், ஆனா இதைச் சொல்ற ஒரு போர்டு என் கண்ணுல பட்டதே இல்ல. மாஹிம் காஸ்வே இன்னும் பெரிய விஷயம். ஈஸ்ட் இந்தியா கம்பெனி பணம் தர மறுத்துடுச்சு, பார்சி வியாபாரி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயோட மனைவி அவாபாய் அம்மா ஒண்ணரை லட்சத்துக்கு மேல தன் பணத்தைக் கொடுத்து 1845-ல திறக்க வச்சாங்க, ஜனங்ககிட்ட டோல் வாங்கவே கூடாதுன்னு கண்டிஷன் போட்டு! எல்.ஜே. ரோடுன்னு நாம அவசரமா சொல்றது அவங்க பேரைத்தான், லேடி ஜம்ஷெட்ஜி ரோடு. சுங்கம் தவிர்த்த சோழன்னு குலோத்துங்கனை ஆயிரம் வருஷம் ஆகப்போற இந்த நேரத்துலயும் நாம நினைச்சிட்டு இருக்கோம், இந்த அம்மாவையும் அப்படி நினைக்கணும்.

அதனால மாநகராட்சிக்கும் மாநில அரசுக்கும் உங்க பேப்பர் மூலமா கேக்கறேன். முலுண்டு நாக்காலயோ வாஷியிலயோ ஒரே ஒரு கேபின், அதோட ரேட் போர்டு, அந்த ரசீது புக், குறுக்க விழற அந்த தடுப்புக் கம்பி, இதை அப்படியே வைங்க. ஃபுட்பாத்துக்கு அடியில புதைஞ்சு கிடந்த வெள்ளைக்காரன் காலத்து மைல் கல்லையே தோண்டி எடுத்து சரி பண்ணி நிறுத்தினவங்களுக்கு இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. சயான்லயும் மாஹிம்லயும் ரெண்டு போர்டு வைங்க, மராத்தியோட சேத்து தமிழ்லயும் எழுதினா தாராவி ஸ்கூல் பிள்ளைங்க நின்னு படிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சயான், மும்பை