வேடந்தாங்கல் ஏரிக்கரையில் அம்மாவைத் தாங்கிப் பிடித்த அண்ணனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வேடந்தாங்கல் ஏரிக்கரையில் தலைசுற்றிச் சரிந்த என் அம்மாவை ஓடிவந்து தாங்கிய அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. பச்சைக் கட்டம் போட்ட லுங்கி, கையில் தூக்குவாளி. பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

பருவத்துக்குப் பருவம் அந்தக் கரையில் நடப்பது எங்கள் வழக்கம். கோடையில் ஏரி வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நிரப்பியதும் கடம்ப மரங்கள் தண்ணீரில் நிற்கும். நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்ட வந்துவிடும். அம்மாவுக்குக் குஞ்சுகள் கத்தும் தை மாதம்தான் உயிர்.

அன்று அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. "ஒண்ணும் இல்லம்மா, உட்காருங்க" என்று நிழலில் அமர்த்தி, வயலுக்குக் கொண்டுபோன உங்கள் டீயையே மூடியில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தீர்கள். அப்புறம் அவர் தெளியும்வரை நத்தைகுத்தி நாரையைக் காட்டி, அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிவதைப் பார்க்கச் சொன்னீர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் உங்கள் நெல்லுக்கு உரம் என்றீர்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இல் வெள்ளைக்காரக் கலெக்டரிடமே எழுதி வாங்கிய ஊராயிற்றே!

அம்மா இப்போது நலம். டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றியிருக்கிறார். ஊர்க்காரர்கள் யாராவது இதை அந்த அண்ணனிடம் சொல்லுங்கள். பங்குனிக்குள் மறுபடி வருகிறோம். அண்ணியையும் பார்க்கவேண்டும் என்கிறார் அம்மா.