உப்பைத் துடைத்தால் போதுமா?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் கார் பேட்டரியின் பிளஸ் முனையில் நீலமும் பச்சையுமாக உப்பு பூத்திருக்கிறது. முனையைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் ஒயரிலும் உள்ள செம்பை ஆசிட் தின்றால் அந்த நிறம் வரும். வெறும் வெள்ளையாக இருந்தால் அது ஈயத்தின் உப்பு. எந்த நிறமானாலும் ஆசிட்டோ அதன் ஆவியோ எங்கிருந்தோ வெளியே வருகிறது. போன மாதம்தான் வெந்நீர் ஊற்றிக் கழுவினேன், திரும்பவும் வந்துவிட்டது என்று அலுத்துக்கொள்கிறாய். கசிகிற இடத்தை விட்டுவிட்டுக் கழுவினால் வரத்தானே செய்யும்?

இந்தத் தடவை கழுவ அவசரப்படாதே. இன்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார். முனையின் அடியைச் சுற்றி மட்டும் உப்பு இருந்தால், அங்கே உள்ள சீல் விட்டிருக்கலாம். கிளாம்பை ஸ்பேனரால் தட்டித் தட்டிக் கழற்றினாயா? அதனாலும் விட்டுப்போகும். மூடிகளைச் சுற்றி ஈரமாக இருந்தால், டிஸ்டில்ட் வாட்டரை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பாய், இல்லையென்றால் பேட்டரிக்கு சார்ஜ் அதிகமாக ஏறுகிறது. பக்கச்சுவர் உப்பியிருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, அடித்தட்டில் ஈரம் தேங்கியிருந்தாலோ அந்தப் பேட்டரி முடிந்தது. பசை போட்டு ஒட்டலாமா என்று கேட்காதே.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பானெட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நில். அது நச்சு வாயு. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனுக்கோ வாசனையே கிடையாது, ஒரு பொறி போதும் வெடிக்க. பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்க விடாதே.

அப்புறம் வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரை எடு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12 என்றால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8-இலிருந்து 14.7-க்குள் இருக்கும். 15-ஐத் தாண்டி நின்றால், ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படு. இதைப் பார்க்காமல் நான் ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரி மாற்றினேன். புதிதாகப் போட்டதும் அதே மாதிரி கொதித்து ஆசிட் கக்கிய பிறகுதான் புத்தி வந்தது. இன்னொரு சோதனையும் உண்டு. மீட்டரின் கறுப்பு முனையை மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் பேட்டரியின் மேல் பிளாஸ்டிக்கைத் தொடு. வோல்ட் காட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் ஆசிட் படிந்திருக்கிறது. அந்த வழியாகவே சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும்.

சரி, கழுவலாம். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள். தூக்கிப்போட இருக்கும் துணியாக உடுத்திக்கொள். ஆசிட் பட்ட பருத்திச் சட்டை அன்றைக்கு ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருக்கும். துவைத்து எடுக்கும்போது சல்லடையாக வரும். உன் அம்மாவிடம் கேள், என் சட்டையின் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போ. கண்ணுக்கு சோடா கீடா எதுவும் போடக்கூடாது.

முதலில் மைனஸ் கிளாம்பைக் கழற்று, பிறகு பிளஸ். வண்டியின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் இடித்தால் தீப்பொறி பறக்கும். வராத கிளாம்பை நெம்பாமல் மெதுவாக அசைத்து எடு. மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்று. நுரைத்துக்கொண்டு வரும். நுரை நிற்கும்வரை ஊற்று, பழைய டூத் பிரஷால் தேய், நல்ல தண்ணீரால் அலசி ஈரம் போகத் துடை. சோடா உள்ளே இறங்கினால் அங்கிருக்கும் ஆசிட்டையும் கெடுத்துவிடும், ஜாக்கிரதை. மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இறுக்கிய பிறகுதான் மேலே வாஸ்லின். வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவு, அந்தத் தூளில் ஈயம் இருக்கிறது.

ஒருவேளை மாற்ற வேண்டிவந்தால் பழையதைக் குப்பையில் போடாதே. புதியது வாங்கும் இடத்திலேயே கொடுத்துவிடு, படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோ.

நாளைக்குக் காலையில் இன்ஜின் ஓடும்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்று சொல். 15-க்கு மேல் என்றால் வண்டியை வெளியே எடுக்காமல் எனக்கு போன் பண்ணு.

அப்பா