மனம் தயார், வேலை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பசுமை மின்சாரம் பற்றிய கட்டுரை, ‘நெய்வேலி மக்கள் மாற்றத்துக்கு மனதளவில் தயாராக வேண்டும்’ என்று முடிந்திருந்தது. என் மாமனார் காலத்திலிருந்து உங்கள் இதழை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த ஒரு வரி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

கட்டுரையாளர் எங்கள் தெருவில் யாரிடமாவது பேசியிருந்தால் இப்படி எழுதியிருப்பாரா? சோவியத் உதவியோடு 1962-ல் இயங்கத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையத்தை 2020-ல் நிறுத்தினார்கள். வயதான கொதிகலன்கள், புகை. நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போட்டால் கரி படிந்த ஊரில் வாழ்ந்தவள் நான். ஆனால் என் கணவர் அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். “சொல்லி அனுப்புகிறேன்” என்ற ஒப்பந்தக்காரர் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

மகன் ஐ.டி.ஐ. படித்தவன். சோலார் வேலை உறுதி என்று ஒரு தனியார் பயிற்சி மையம் கட்டணம் வாங்கியது. கடைசியில் கிடைத்தது, ராமநாதபுரம் பக்கம் தினக்கூலிக்குத் தகடு கழுவும் வேலை. நெய்வேலி நிறுவனமான என்.எல்.சி.யின் சூரிய மின் நிலையங்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் விருதுநகர், திருநெல்வேலி, ராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில்தானே இருக்கின்றன? வெயிலும் தரிசும் அங்கே உண்டு, சரி. கரி போன இடத்தில் எங்களுக்கு என்ன வரும் என்று அந்தக் கட்டுரை ஒரு பத்தியாவது சொல்லியிருக்கலாம்.

2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களை வெளிவிடும் அளவுக்கு ஈடாக நீக்கியும் விடுவோம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் பிரதமர் அறிவித்தார். 2023 ஜூலையில் எங்கள் பக்கத்து வளையமாதேவி கிராமத்தில் பச்சைப் பயிருக்குள் பொக்லைன் இறங்கியது, சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்ட. உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு பக்கம் கரி வேண்டும் என்று நிலம் போகிறது, மறுபக்கம் கரி வேண்டாம் என்று வேலை போகிறது. இரண்டிலும் இழப்பவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்து மக்களே.

என் தாய்மாமா குடும்பம் கோலார் தங்கவயலில் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அவர் பிள்ளைகள் இன்றும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய், இரவு திரும்புகிறார்கள். மாற்று ஏற்பாடு இல்லாமல் மூடினால் ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் போதாதா? நெய்வேலியையும் அப்படி விட்டுவிடப் போகிறார்களா?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 2015 சட்டத் திருத்தத்தால் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, பழைய சுரங்கக் குத்தகைகளிலிருந்து, ராயல்டியில் (தோண்டும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் தொகையில்) 30 சதவீத அளவுக்குப் பணம் சேர வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பணம் அது. கடலூர் மாவட்டத்தில் அது எந்தக் கிராமத்தில், எதற்குச் செலவானது, வேலையிழந்தவர்களின் தொழிற்பயிற்சிக்கு எவ்வளவு போனது என்று கேட்டு வாங்கி, ஒரு பக்கம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நெய்வேலி.