பொழியூர்க்காரனுக்கு: போல்ட் ஓட்டை விஷயம்

மக்கா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் ஃபைபர் படகில் இன்ஜின் மாட்டுகிற பின்பலகையில் போல்ட்டைச் சுற்றி வெள்ளையாய் வளையம் விழுந்திருக்கிறதே, அதற்கு ரெசின் என்கிற ஒட்டுப்பசைதான் காரணம் என்று வள்ளம் செய்தவனோடு சண்டைக்குப் போகாதே. எனக்கு ட்ரில் பிடித்தவன்மேல்தான் சந்தேகம். வெளிப்பக்கம் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு மூடியிருப்பதால் ஒன்றும் தெரியாது, உள்பக்கம் பார், ட்ரில் பிட் துளைத்துக்கொண்டு வெளியே வந்த இடம் அது, வளையம் அங்கேதான் அகலமாக இருக்கும்.

ஃபைபர் என்பது ரெசினால் அடுக்கடுக்காக ஒட்டிய மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்புதானே. பிட் நுழையும்போது மேல் அடுக்கைக் கிளப்பும், வெளியே வரும்போது கடைசி ஒன்றிரண்டு அடுக்கை வெட்டாமல் தள்ளிப் பிரித்துவிடும், அந்த வெள்ளை வளையம் இப்படி அடுக்கு பிரிந்ததுதான். இரண்டாவதுதான் பெரிய கேடு. கண்ணாடி இழை சாதாரண பிட்டைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கினால் கை தானாக அழுத்தும், அழுத்த அழுத்தப் பிரியும், சூடு வேறு ஏறும், சாதா பாலியெஸ்டர் ரெசினோ 100 டிகிரிக்கு முன்பே இளகிவிடும். சுவருக்குப் போடுகிற மாதிரி ட்ரில்லை ஹேமரில், அதாவது இடித்துக்கொண்டே சுற்றும்படி வைத்துத் துளைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓட்டை சுத்தமாக இருந்தாலும் அதன் ஓரத்தில் பளு கூடும். இரும்புத் தகட்டில் அது 3 மடங்கு என்றாலும் இரும்பு கொஞ்சம் நெளிந்து பளுவைப் பகிர்ந்துகொள்ளும், ஃபைபர் அப்படி நெளியாது. அடுக்கு பிரிந்த ஓரம் நேராக இழுத்தால் ஓரளவு தாங்கிவிடும், ஆனால் போல்ட்டின் அழுத்தமும் இன்ஜினின் ஓயாத அதிர்வும் சேர்ந்தால் விரிசல் மெல்ல மெல்ல வளரும். அப்புறம் உப்புத்தண்ணீர், வெட்டுப்பட்ட இழை வழியாகவே உள்ளே ஏறும், நடுவில் பிளைவுட் வைத்திருந்தால் அதுவும் ஊறிப்போகும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: போல்ட்டைக் கழற்றி, ஒரு நாணயத்தால் சுற்றிலும் தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்கிற இடம் வரைக்கும் பிரிந்திருக்கிறது. அதைத் தேய்த்தெடுத்து மறுபடி மேட் போட்டு, நன்றாகக் காய்ந்தபிறகு பின்னால் மரக்கட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, சீக்கிரம் மழுங்காத கார்பைட் பிட்டால், கடைசியில் கையைத் தளர்த்தி மெதுவாகத் துளைக்கச் சொல். ஓட்டையின் உள்சுவரில் ரெசின் பூச மறக்கக் கூடாது. தூளுக்கு மாஸ்க் போடச் சொல், நம்ம ஆட்கள் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், அது போதாது.

இங்கே எல்லோரும் சுகம். களியக்காவிளை ரோடு எப்போதும்போலத்தான், பஸ் நகர்ந்தால் அதிசயம். அம்மை உன்னைக் கேட்டாள், பொழியூருக்கு மருமகனாய்ப் போனவன் பேச்சு மலையாளமாய் மாறிவிட்டதா என்று. ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், பிட்டை மார்த்தாண்டத்திலேயே வாங்கி வந்துவிடலாம், போல்ட் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் சொல்லிவிடு.